பெக்டினும் நெயில் பாலிஷும்

கவனமில்லாதவர்களைப் பற்றி உலகம் நிறையப் புகார் சொல்கிறது. டம்ளரை உடைப்பார்கள், கேஸை மூடாமல் போவார்கள், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வருவார்கள். ஆனால் அவர்களால் ஆகிற கெடுதல் அன்றைக்கே தெரிந்துவிடும். திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கவனமானவர்கள் அப்படியில்லை. ஒரு தப்பைச் செய்தால்கூட தேதி போட்டு, அடிக்கோடிட்டு, ஒவ்வொரு முறையும் பிசகாமல் அதே மாதிரி செய்வார்கள். நான் கவனமான ஆள்.

எவ்வளவு கவனம் என்றால், ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் என் சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும். தேதிக்குக் கறுப்பு, அளவுக்கு நீலம், திருத்தத்துக்குச் சிவப்பு. தப்பாக எழுதியதை அடிக்கக்கூட ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பேன். லேப்பில் கை கழுவும் சோப்பு டப்பா மேல் ‘சோப்பு’ என்று எழுதி ஒட்டியிருந்தேன் (யாரும் அதை வேறு எதாகவும் நினைத்ததில்லை). ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து பிஎச்.டி. சேர்ந்த முதல் ஆள் என்கிற தலைக்கனம் வேறு. மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, யார் கேட்டாலும் “பையன் சி.டி. மெஷின்ல ஆராய்ச்சி பண்றான்” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் அதை நம்பி, தனக்கு வேண்டிய பழைய படங்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் சி.டி. வேறு. அது சர்க்குலர் டைக்ராயிசம். இடப்பக்கம் சுழலும் ஒளி, வலப்பக்கம் சுழலும் ஒளி என்று இரண்டையும் ஒரு கரைசலுக்குள் அனுப்புவார்கள். கரைசலில் இருக்கும் மூலக்கூறு இரண்டையும் சமமாக விழுங்காது, ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். அந்த வித்தியாசத்தைக் கோடாக வரைந்து பார்த்தால், தண்ணீருக்குள் அது எப்படி முறுக்கி நெளிந்து கிடக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். புரதத்தை ஆராய்கிறவர்களுக்கு இந்த மெஷின் அள்ளிக் கொடுக்கும். எங்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். ஏனென்றால் எங்களுடையது பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைச் சங்கிலி. அதில் பல வகைகள் இந்த மெஷினின் கண்ணுக்கே தெரியாது. பெக்டின் மாதிரி ஒன்றிரண்டில் மட்டும் அமிலத் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் கோட்டில் சின்னதாக ஒரு மேடு தெரியும். அந்த மேட்டுக்காகத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் உயிரை விட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் என் சீனியர் ஸ்டெல்லா அக்காவும். அக்காவுக்கு ஜீவனஹள்ளியில் வீடு. ஐந்தாவது வருஷ மாணவி. சனிக்கிழமை காலையில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜூஸ் கடையில் இரண்டு பை நிறைய மொசம்பித் தோல் வாங்கிக்கொண்டு லேப்புக்கு வருவார். அந்தத் தோலிலிருந்துதான் பெக்டின் எடுப்போம். கடைக்கார பாய் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எத்தினி மாடு வெச்சிருக்கீங்கம்மா?” என்று கேட்டாராம். அக்கா யோசிக்காமல் “ரெண்டு” என்றாராம். ஒன்று நம்ம கைடு, இன்னொன்று நீ என்று பிறகு என்னிடம் விளக்கம் சொன்னார்.

தோலை வேகவைத்து, வடிகட்டி, ஆல்கஹாலில் விட்டுத் திரட்டி, காயவைத்து எடுக்கிற வேலையில் அக்காவின் கை சுத்தம். அவர் எடுத்த பெக்டினில் தூசு தும்பு இருக்காது. அதைக் கரைத்து, கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று ஜோடி சேர்வதை சி.டி.யில் அளந்திருந்தார். மேடு லேசாக மாறியது. ரொம்ப லேசாகத்தான். ஆனால் எத்தனை முறை எடுத்தாலும் மாறியது. அதை வைத்துக் கடைசி அத்தியாயத்தை எழுதி முடிக்கிற கட்டத்தில் இருந்தார். ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் அவருக்கு வேலையும் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, வருஷக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். கம்பளிக் கோட்டுகூட வாங்கி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் என்னிடம், “குமரேசு, நான் எழுதிக்கினு இருக்கேன். கால்சியம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போட்டு ஒரு நாலு ரீடிங் மட்டும் எடுத்துக் குடுப்பா” என்றார்.

நாலு ரீடிங். அதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

கால்சியம் கூடினால் பெக்டின் இறுகி ஜெல்லி ஆகிவிடும். வழக்கமாகக் கரைசல் ஊற்றுகிற மூடிய குவார்ட்ஸ் செல்லுக்குள், அந்தச் சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள், ஜெல்லியை ஊற்ற முடியாது. அதனால் பிரித்துப் பூட்டுகிற செல் ஒன்றை எடுத்தேன். நாணயம் மாதிரி இரண்டு வட்ட வில்லைகள். ஒன்றின்மேல் ஜெல்லியை வைத்து, இன்னொன்றை மேலே வைத்து இழுத்து மூட வேண்டும். மூடுவதில் நான் ஒரு நேர்த்தியைக் கண்டுபிடித்தேன். தோசை மேல் நெய் தடவுகிற மாதிரி, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. குமிழியே வராது. நோட்டில் இதற்குப் படம் போட்டு, அம்புக்குறி வேறு போட்டிருந்தேன்.

மெஷின் அறைக்குப் பொறுப்பாளர் நஞ்சுண்டப்பா. மெஷினுக்குள் அரை மணி நேரம் நைட்ரஜன் வாயு ஓடாமல் அதன் விளக்கைப் போட விடமாட்டார். நாம் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் “ஸ்வல்ப தடீரி” என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி உட்கார வைத்துவிடுவார். அன்றும் உட்கார வைத்தார். பிறகு விளக்கு எரிந்தது. செல்லை வைத்தேன். திரையில் கோடு கிளம்பியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அக்காவுடைய மேடு மாதிரி இருபது முப்பது மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்துக்கு ஒரு மலை.

நம்பிக்கையில்லாமல் செல்லை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். இப்போது மலை தலைகீழாக, பள்ளமாக வந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ‘இதென்ன, மேலே போனது கீழே வருகிறதே’ என்று வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள். நஞ்சுண்டப்பா நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. செல்லைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தேன். மலை திரும்பி வந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆகவே, முதலில் சரியாக வைத்தேன், இரண்டாவது தடவை கவனக்குறைவாக வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். பள்ளமாக வந்த ரீடிங்கை நோட்டில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இனி ஒருநாளும் அந்தத் தப்பு நடக்கக்கூடாது என்று, வீட்டில் தங்கை கௌரியின் நெயில் பாலிஷை எடுத்து வில்லையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பொட்டு எப்போதும் மேலே இருக்க வேண்டும். இழுப்பு எப்போதும் இடமிருந்து வலம். அதற்குப் பிறகு பதினோரு முறை எடுத்தேன். பதினோரு முறையும் அச்சில் வார்த்த மாதிரி அதே மலை.

கைடுக்குக் காட்டினேன். சாதாரணமாக எங்கள் ரீடிங்குகளைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர், நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பெக்டின் ஜெல்லியில் இதுவரை யாரும் பார்க்காத பெரிய முறுக்கு இருக்கிறது என்று அவரே பெயர்சூட்டு விழா வரைக்கும் போய்விட்டார். ஸ்டெல்லா அக்கா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ பெருசாவா வரும்?” என்றார்.

“பதினோரு தடவ எடுத்தேங்க்கா. எல்லாம் ஒரே மாதிரி.”

“மாறவே இல்லையா?”

“இல்லக்கா” என்றேன். அடித்து வைத்த ரீடிங்கை நான் ரீடிங்காகவே எண்ணவில்லை. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அப்ப சரி” என்றார் அக்கா.

அவ்வளவுதான். ஆய்வேட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார் கைடு. இவ்வளவு பெரிய மலை வந்திருக்கும்போது பழைய மேட்டை வைத்து யாராவது சமர்ப்பிப்பார்களா, இதை விளக்கி ஒரு அத்தியாயம் எழுது என்றார். அக்கா ஜெர்மனிக்கு எழுதி அவகாசம் கேட்டார். மூன்று மாதம் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் தன் பழைய முறையில், மூடிய செல்லில், நீர்த்த கரைசலில் அந்த மலையைத் தேடினார். கிடைக்கவில்லை. கைடு ஒருநாள் எல்லாரும் இருக்கும்போது, கையில் நிதானம் வேண்டும், ஜூனியரிடம் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த லேப்பிலேயே நிதானமான கை அக்காவுடையதுதான்.

நான் கற்றுக்கொடுத்தேன். இழுப்பை எப்படி இழுப்பது, பொட்டை எங்கே வைப்பது என்று படம் வரைந்து சொல்லிக்கொடுத்தேன். (இதை எழுதும்போது காது சுடுகிறது.) அக்கா அதே மாதிரி செய்தார். மலை வந்தது. “என் கைதான் சரியில்ல போல இருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அதற்குள் மூன்று மாதம் முடிந்து, ஜெர்மனிக்காரர்கள் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். பரவாயில்லை, இந்த மலையை வைத்து இதைவிட நல்ல இடம் கிடைக்கும் என்று கைடு சொன்னார். நானும் சொன்னேன்.

இந்த நிலைமையில்தான் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியையை அழைத்துவந்து மெஷின் அறையிலேயே மலையைக் காட்டுவது என்று கைடு ஏற்பாடு செய்தார். சின்ன அறை. எட்டுப் பேர் நின்றோம். நான் முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்டு, மூன்று பேனாவோடு போயிருந்தேன். செய்முறையை ஒரு சமையல் நிகழ்ச்சி மாதிரி விளக்கிக்கொண்டே செய்தேன். “இப்போது ஜெல்லியை வைக்கிறோம். இப்போது ஒரே இழுப்பு.” அக்கா என் பக்கத்தில் நின்று வில்லைகளை எடுத்துக் கொடுத்தார். நைட்ரஜன் ஓடியது. கோடு கிளம்பியது. மலை வந்தது. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

பேராசிரியை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து நஞ்சுண்டப்பா, “ஆ கெம்பு சுக்கெ ஏனு?” என்றார். அந்தச் சிவப்புப் புள்ளி என்ன என்று கேட்கிறார்.

அடடா, என் கவனத்தைப் பற்றி ஒரு மனிதர் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் செல் ஒரே திசையில் இருப்பதற்கான ஏற்பாடு என்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

“ஒந்து சல திருகிஸி நோடோணா?” என்றார் அவர். ஒரு தடவை திருப்பிப் பார்ப்போமா.

“திருப்புங்கள்” என்றார் பேராசிரியை உடனே. அவர் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது.

நஞ்சுண்டப்பா செல்லைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தார். மலை பள்ளமானது. அரைக்கால் சுற்றுத் திருப்பினார். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை, கோடு தரையோடு படுத்துக்கொண்டது. திரும்பப் பொட்டை மேலே கொண்டுவந்தார். மலை எழுந்து நின்றது. சர்க்கஸ் யானை மாதிரி, அவர் சொன்னபடியெல்லாம் அது உட்கார்ந்து எழுந்தது.

பேராசிரியை ரொம்பத் தன்மையாக விளக்கினார். உண்மையான சி.டி.யாக இருந்தால் செல்லை எப்படித் திருப்பினாலும் மாறாது. ஜெல்லியை ஒரே பக்கமாக இழுத்து மூடியதில் சங்கிலிகளெல்லாம் இழுத்த திசையில் படிந்துவிட்டன. அந்தப் படிவைத்தான் மெஷின் முறுக்கு என்று ஏமாந்து வரைந்திருக்கிறது. இழுப்பு சீராக இருந்ததால் ஏமாற்றமும் சீராக வந்திருக்கிறது. “இவ்வளவு ஒழுங்கான பிழையை நான் பார்த்ததில்லை” என்றார். பாராட்டு என்று நினைத்து நான் நன்றி சொல்லிவிட்டேன்.

யாரோ, அது என்ன பெயின்ட் என்று கேட்டார்கள்.

“நெயில் பாலிஷ்.”

“உன்னுடையதா?”

“தங்கச்சியோடது” என்றேன். அறையே சிரித்தது. நஞ்சுண்டப்பா மட்டும் சிரிக்காமல் விளக்கை அணைத்தார்.

விருந்தாளி போன பிறகு கைடு எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட இது மாறி வரவில்லையா?

“இல்ல சார்” என்றேன்.

என் நோட்டு அப்போது மேஜை மேல்தான் இருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு மையால் அடித்த பக்கம் வந்ததும் கை நின்றது. அடித்திருந்தாலும் எண்கள் தெளிவாகத் தெரியும், நான் ஸ்கேல் வைத்து ஒரே கோடாகத்தான் அடிப்பேன். பக்கத்தில் ‘கவனக்குறைவு’, என் கையெழுத்து, தேதி. அவர் படித்தார். என்னைப் பார்த்தார். நோட்டை மூடி வைத்துவிட்டார்.

“சீனியர் நீ. நீயல்லவா இதைக் கவனித்திருக்க வேண்டும்?” என்றார் கைடு அவரிடம்.

“ஆமா சார்” என்றார் அக்கா.

பிறகு அவர்தான் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆய்வேடு பழைய சின்ன மேட்டோடு, எட்டு மாதம் தாமதமாகப் போனது. அடுத்த இடங்களுக்குக் கைடு கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில், உழைப்பாளி, ஆனால் சரிபார்ப்பதில் இன்னும் கவனம் தேவை என்று ஒரு வரி இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த வரிக்கு உரிய ஆள் நான். அக்கா காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கப் போனார். இன்றைக்கும் அங்கேதான் எடுக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்ன கதையில் இந்தக் கடைசிப் பகுதி கிடையாது. நெயில் பாலிஷ், யானை, நன்றி சொன்னது, தங்கச்சியோடது என்று சொன்னது, அதோடு முடித்துவிடுவேன். வீடு சிரித்தது. கௌரி தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னாள். என் மனைவி விஜி வந்து ஒரே மாதத்தில் இதைக் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். நஞ்சுண்டப்பா குரலில் கன்னடமும் பேசிக் காட்டுவாள். நான் ஏதாவது அடித்துப் பேசினால் போதும், அப்பாகூட “எதுக்கும் ஒருதரம் திருப்பி வெச்சுப் பாருடா” என்பார். பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஓடுகிற கதை இது.

போன வருஷம் சிவாஜிநகரில் அக்காவைத் தற்செயலாகப் பார்த்தேன். “ஒரு தடவ வூட்டுக்குக் கூப்பிட மாட்டியா?” என்றார். மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டேன். கேக் வெட்டி முடிந்ததும் கௌரியின் கணவர் யாரோ ஒருவருக்காக அந்தக் கதையைக் கேட்க, விஜி ஆரம்பித்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் பாதி வந்துவிட்டது. அக்கா முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யானை உட்கார்ந்த இடத்தில் தொடையைத் தட்டினார்.

“நீங்களும் அந்த லேப்தானேக்கா? அன்னைக்கு இருந்தீங்களா?” என்று கேட்டாள் விஜி.

“இல்லம்மா. அன்னைக்கு நான் லீவு” என்றார் அக்கா.

அந்த லேப்பில் அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. தம்பி கல்யாணத்தன்று மத்தியானம் பட்டுப்புடவையோடு வந்து ரீடிங் எடுத்தவர்.

“லீவு இல்ல. என் பக்கத்துலதான் நின்னாங்க” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டாவது ரீடிங், சிவப்பு மை, ‘இல்ல சார்’ என்றது, ஜெர்மனி, சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றையும், குழந்தைகள் பலூனோடு ஓடிக்கொண்டிருக்க, எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்பா தட்டைக் கீழே வைத்தார். விஜி என்னைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தாள்.

அக்காவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

“நல்லா சிரிச்சிக்கினு இருந்தோம்” என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல், “இத அன்னைக்கு சார்கிட்ட சொல்லியிருக்கணும் குமரேசு” என்றார்.

கேக் தட்டை முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் போனார். என் மகளுக்கு முத்தம் கொடுத்தார். விஜி வாசல் வரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தாள்.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த நெயில் பாலிஷ் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். விஜி, “அவரையே கேளுங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். நான் சொல்கிறேன், கடைசிவரைக்கும். அவ்வளவாக யாரும் சிரிப்பதில்லை.